டேனிஷ் பியரும் நெத்திலி வறுவலும்

டிசம்பர் 28

கோபன்ஹேகனிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன், டென்மார்க்கிலேயே காய்ச்சிய கார்ல்ஸ்பெர்க் லாகர் நான்கு டின் கொடுத்தான். ஒவ்வொன்றும் அரை லிட்டர். சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் தீர்வையில்லாமல் விடுவார்கள், கணக்காக வாங்கியிருக்கிறான். "வீட்டுச் சாப்பாட்டோட குடிச்சுப் பாருங்க மாமா" என்றான். பியருக்கு வேர்க்கடலை, மிக்சர் என்று பழகிய நாக்கு இது. சோற்றோடு குடித்ததே இல்லை. டின்கள் ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தயிரை மட்டும் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள்.

டிசம்பர் 30

காலை நடை எலியட்ஸ் கடற்கரையில். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தில் சற்று நின்றேன். 1930இல் இதே தேதியில், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய டேனிஷ் மாலுமி. இத்தனை வருஷம் அந்த நிழலில் சுண்டல் தின்றிருக்கிறேன், தேதியை இன்றுதான் கவனித்தேன். டேனிஷ் பியரை இன்றே திறப்பது என்று முடிவு செய்தேன்.

ஊரூர் குப்பத்தில் அரைக் கிலோ நெத்திலி. "தலையக் கிள்ளுனா கொடலும் கூடவே வந்துரும் சார்" என்றார் மீன்காரம்மா. வந்தது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு. நேற்று வைத்த சங்கராக் குழம்பும் இருந்தது. மீன்குழம்பு மறுநாள்தானே குழம்பாகிறது.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். நிறம் தெரியவில்லை, கண்ணாடிக்கு மாற்றினேன். வைக்கோல் பொன்னிறம், வறுத்த தானிய வாசம், கடைசியில் மெல்லிய கசப்பு.

முதலில் குழம்புச் சோறு. சரிப்படவில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. குளிர்ச்சி ஒரு நொடி அடக்கியது, பின்னாலேயே வந்த நுரை எரிச்சலைக் கிளறிவிட்டது. புளிக்கு முன்னால் தானியத்தின் இனிப்பு காணாமல் போனது. நெத்திலிக்கு வந்ததும் கதை மாறியது. உப்பும் எண்ணெயும் நாக்கில் படிய, ஒரு மடக்குக் கசப்பு அதைக் கழுவியது. அடுத்த நெத்திலி முதல் நெத்திலி போலவே ருசித்தது.

மனைவி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். "சுண்டைக்கா வத்தல் ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்குங்க." அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. வத்தலைப் போல இதுவும் இலையின் ஓரத்தில் இருக்க வேண்டியது; நடுவில் வைத்தது என் தப்பு.

இந்த டேனிஷ் பியர் எங்களுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. ஜேக்கப்சன் என்பவர் 1845இல் மியூனிக்கிலிருந்து ஈஸ்ட்டை வழியெல்லாம் குளிரவைத்துக் கொண்டுபோய், 1847இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தொடங்கினார். 1883இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைக் கலப்பில்லாமல் பிரித்தெடுத்தார். அதை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். அதே கூடத்தில்தான் 1909இல் சோரன்சன் பிஹெச் அளவையும் வகுத்தார். எங்கள் குழம்பின் புளிப்பை அளக்க வேண்டுமென்றாலும் கோபன்ஹேகன் கணக்குதான்.

டிசம்பர் 31

மிச்சக் குழம்பைத் தயிர்ச்சாதத்தோடு முடித்தேன். காரம் அடங்கியது. ஃபிரிட்ஜில் இன்னும் மூன்று டின். நாளைக்கும் நெத்திலி வாங்க வேண்டும்.