பாக்தாத் திருடனும் என் அப்பாவும்

என் அப்பாவுக்குக் காது கேட்காது. அஞ்சாறு வருஷமா இப்படித்தான். மெஷின் வாங்கிக் குடுத்தாச்சு. காதுல கொசு கத்துற மாதிரி இருக்குன்னு கழட்டி சட்டைப் பையில போட்டுக்குவார். ஊர்ல அம்மா கத்திப் பேசி சமாளிச்சுக்குவாங்க. பெங்களூர் அபார்ட்மெண்ட்ல கத்த முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் செக்யூரிட்டிக்கு போன் போட்டுடுவார்.

போன தடவை அப்பா வந்திருந்தப்போ, என் பொண்ணு ஒரு ஐடியா சொன்னா. "தாத்தாவுக்கு ஊமைப்படம் போட்டுக் காட்டலாம்ப்பா. அவருக்கும் நமக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்?" அட, இது நமக்குத் தோணலியேன்னு நினைச்சு, யூடியூப்ல தேடி டிவியில போட்டது 1924-ல வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடிச்சது. இரண்டரை மணி நேரப் படம்.

"பாக்தாத் திருடன்னா எம்ஜிஆர்ல?"ன்னார் அப்பா. 1960-ல வைஜெயந்திமாலாவோட எம்ஜிஆர் நடிச்ச அந்தப் படத்தை அவர் டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்து பார்த்தவர். இது அதுக்கும் தாத்தாப்பான்னு சைகையில சொன்னேன்.

கொஞ்சம் வரலாறு சொல்லிடறேன், பொறுத்துக்குங்க. 1927-ல வெள்ளைக்காரன் அரசாங்கம் இந்தியாவுல சினிமாவை ஆராய ஒரு கமிட்டி போட்டுச்சு. அதுக்குத் தலைவர் நம்ம சென்னை வக்கீல் டி.ரங்காச்சாரியார். 1928-ல வந்த அந்த அறிக்கை, இந்தியாவுல ஜனங்க அதிகமா ரசிச்ச படம் இந்த 'பாக்தாத் திருடன்'தான்னு சொல்லுது. ஏன் ரசிக்க மாட்டாங்க? பாலைவனம், அரண்மனை, இளவரசி, பறக்குற கம்பளம், ரெக்கை வச்ச குதிரை, பாதி சட்டை கூட இல்லாம மதில் தாண்டுற கதாநாயகன்! வசனம் புரியணும்னு அவசியமே இல்லை. நடுவுல வர்ற எழுத்து அட்டையை அந்தக் காலத்துக் கொட்டகைகள்ல ஒருத்தர் திரைக்குப் பக்கத்துல நின்னு உரக்கச் சொல்லுவாராம். எங்க வீட்ல அந்த வேலை என் பொண்ணுக்கு. அவ இங்கிலீஷைப் படிச்சு, ஒரு நோட்டுல தட்டுத்தடுமாறி தமிழ்ல எழுதி தாத்தா கிட்ட நீட்டினா. "திருடண்"னு மூணு சுழி போட்டு எழுதியிருந்தா. அப்பா பேனாவை வாங்கித் திருத்திட்டுத்தான் மேல பார்த்தார். ரிட்டயர்டு வாத்தியாராச்சே!

இன்னொரு திருடனும் இருக்கான். நம்ம பெங்களூர்ல இருந்து மைசூர் தாண்டி, கபினி பக்கம் காராபுரான்னு ஒரு ஊர். அங்க ஒரு யானைப் பாகனுக்கு, இந்தப் படம் வந்த அதே 1924-ல, ஒரு பையன் பிறந்தான். சின்ன வயசுலயே அப்பா போயிட்டார். யானைக் கொட்டடியில வளர்ந்தவனை, படம் எடுக்க வந்த வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்சு, 1937-ல 'எலிஃபண்ட் பாய்' ஆக்கினாங்க. லண்டன் போனான். இதே பாக்தாத் கதையை 1940-ல பேசும் படமா, கலர்ல எடுத்தப்போ அதுல திருடன் இவன்தான். அவர்தான் சாபு. அப்புறம் அமெரிக்கா, 1944-ல குடியுரிமை, உலகப்போர்ல விமானத்துல துப்பாக்கி வீரர். 1963-ல 39 வயசுல மாரடைப்பு. கலிஃபோர்னியாவுல அடக்கம்.

உலகத்துக்கு அவர் 'சாபு தஸ்தகீர்'. ஆனா தஸ்தகீர்ங்கிறது அவரோட அண்ணன் பேருன்னு ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. ஊரை விட்டுப் போனவன் பேரு எப்படியெல்லாம் ஆகுது பாருங்க. நமக்கு மட்டும் என்ன வாழுதாம்? இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னாங்க, எழுதினோம். அன்னிலேர்ந்து ஆஃபீஸ்ல என்னை எல்லாரும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க.

இப்ப மெயின் மேட்டர்.

அப்பா வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எனக்கு வேலை போச்சு. ஆட்குறைப்பு. வந்த மெயில் "டியர்"னு ஆரம்பிச்சு, அப்பா பேரைப் போட்டுத்தான் வந்துது. அப்பாவையே வேலையை விட்டுத் தூக்கின மாதிரி இருந்துச்சு.

தங்கமணிக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லலை. தினம் காலையில லேப்டாப் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவேன். ஐடி கார்டைத் திருப்பி வாங்கிட்டாங்க, பழைய கம்பெனிக் கயிறு ஒண்ணு இருந்துச்சு, அதைக் கழுத்துல போட்டுப்பேன். கப்பன் பார்க் சென்ட்ரல் லைப்ரரியில உக்காந்து வேலைக்கு அப்ளை பண்ணிட்டு, ஆறு மணிக்கு டிராஃபிக்கைத் திட்டிக்கிட்டே வீட்டுக்கு வருவேன். அப்பா திரும்பிப் போக தூத்துக்குடிக்கு ஃப்ளைட் டிக்கெட் வேற போட்டு வச்சிருந்தேன். பெங்களூர்ப் புள்ள ஆச்சே!

படத்துல திருடன் இளவரசன் வேஷம் போட்டு அரண்மனைக்குள்ள நுழையறான். இளவரசி அவனைத்தான் தேர்ந்தெடுக்கிறா. எல்லாம் கைகூடி வர்ற நேரத்துல, அவனால முடியலை. நான் இளவரசன் இல்லை, திருடன்னு அவகிட்ட ஒத்துக்கிறான். சவுக்கடி வாங்குறான். அதுக்கப்புறம்தான் நிஜமான பயணமே ஆரம்பிக்குது. சந்தோஷத்தை உழைச்சுத்தான் சம்பாதிக்கணும்ங்கிறதுதான் படத்தோட நீதி.

அந்தக் காட்சிக்கு எம் பொண்ணு நோட்டுல எழுதினது: "நான் பொய் சொன்னேன்."

அப்பா படிச்சுட்டு டிவியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கடைசியில கம்பளத்துல ஜோடி பறந்து போறப்போ அப்பா சின்னப் புள்ளையாட்டம் கை தட்டினார். கிரேன்ல கம்பி கட்டித் தூக்கினதுன்னு சொல்ல மனசு வரலை. எல்லாரும் தூங்கப் போனப்புறம் அந்த நோட்டை எடுத்து, அடுத்த பக்கத்துல எழுதினேன். "வேலை போயி மூணு மாசம் ஆச்சுப்பா. தினமும் லைப்ரரிக்குத்தான் போறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சார். எழுத்துப் பிழை தேடுறாரோன்னு இருந்துச்சு. அப்புறம், காது கேக்காதவங்க பேசுற அந்தப் பெரிய குரல்ல, ராத்திரி பதினோரு மணிக்கு, "கையில எவ்வளவு இருக்கு?"ன்னார். எழுதினேன். "ஃப்ளைட்டை கேன்சல் பண்ணு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் போதும்"ன்னார். பக்கத்து வீட்ல லைட் எரிஞ்சுது.

மறுநாள் காலையில நான் கிளம்பறப்போ கழுத்துல கயிறு இல்லை. அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். "அந்த லைப்ரரியில தமிழ் பேப்பர் இருக்குமால?"

ஒரு வாரம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆஃபீஸ் போனோம்.

டிஸ்கி: இப்ப வேலை கிடைச்சிருச்சு. சம்பளம் கம்மி. புது இடத்துல ஃபார்ம் நிரப்பறப்போ, இனிஷியலை விரிச்சு எழுதவான்னு கேட்டாங்க. எழுதுங்கன்னுட்டேன். அவர் பேரு இருந்துட்டுப் போகட்டும்.