வாடகையா? சதக்காவா?



சாரல் காலத்தில் ஐந்தருவிக்குச் சென்றவர்கள் இதை அறிவீர்கள். மலையில் மழை வலுத்துவிட்டால் ஐந்து கிளைகளும் ஒன்றாகி வெள்ளமாய்க் கொட்டும். குளிப்பதற்குத் தடை விதித்துவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைப் பறித்தது. அதன் பின்னர், அந்தத் தடை எதற்காக என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், ஆசை ஆசையாய் வேனில் வந்திறங்கிய பிள்ளைகளின் வாடிய முகத்தை என்ன சொல்லித் தேற்றுவது?

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் என் சகோதரியின் மகன், ஐந்தருவிச் சாலையிலுள்ள தன் தேநீர்க் கடையின் ஓரத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்தான். பிளைவுட் பலகை, பழைய கணினித் திரை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினி, ஒரு கைப்பிடி, சில பொத்தான்கள். எல்லாம் அவன் கைவேலை. எவரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்பட்ட விளையாட்டுகளையே அதில் சேர்த்தான். பிறர் உழைப்பைத் திருட்டுப் பிரதி எடுத்து நன்மை தேடலாகாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான். ஒரு சீசன் முழுவதும் பிள்ளைகள் இலவசமாக விளையாடினார்கள்.

அடுத்த சீசனுக்கு முன், "மாமா, இதில் காசு போடும் கருவியைப் பொருத்தினால் என்ன? வருவதை மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக் கொடுத்துவிடலாம்" என்றான். நல்ல எண்ணம்தானே என்று நானும் மகிழ்ந்தேன்.

காசு போட்டால் இயங்கும் கருவி புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்னும் அறிஞர் அப்படியொன்றை எழுதி வைத்துள்ளார். ஐந்து திராக்மா நாணயம் ஒரு நெம்புகோலின் முனையில் விழும். அதன் எடையால் முனை தாழ, அடைப்புத் திறந்து சிறிது தண்ணீர் வரும். நாணயம் வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். நம் ரயில் நிலையங்களில் காசு போட்டு எடைச்சீட்டு எடுத்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும்.

மருமகன் முதலில் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கருவி, நம் ஒரு ரூபாயைத் துப்பித் தள்ளியது. இரும்பு வில்லைகளைப் போட்டு ஏமாற்றுவோரைத் தடுக்க அதில் காந்தம் வைத்திருந்தார்கள். 1992 முதல் வந்த நம் எவர்சில்வர் ஒரு ரூபாயோ காந்தத்தில் ஒட்டக்கூடியது! நல்ல காசையே கள்ளக் காசாக எண்ணிவிட்டது அந்தக் கருவி. பிறகு வேறொன்று வாங்கினான். அதில் மாதிரிக்கு ஒரு நாணயத்தைச் செருகி வைக்க வேண்டும். உள்ளே விழும் காசையும் மாதிரிக் காசையும் மின்கம்பிச் சுருள்கள் ஒப்பிடும். உலோகமும் அளவும் ஒத்திருந்தால் கணினிக்கு ஒரு மின்துடிப்பு செல்லும்; ஆட்டம் தொடங்கும். ஐந்து ரூபாயில் பழையதும் புதியதும் எடையில் வேறுபடும் என்பதால், அவன் பத்து ரூபாயைத் தேர்ந்தெடுத்தான். பத்து ரூபாயின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்த பின்னரும் வாங்க மறுத்த கடைக்காரர்கள் உண்டு. இந்தக் கருவியோ முகப்பில் உள்ள படத்தைப் பார்ப்பதே இல்லை!

அப்போது உறவினர் ஒருவர், "வென்றவருக்கு ஒரு பொம்மை என்று எழுதிப் போடு. காசு குவியும், ஏழைகளுக்குத்தானே போகிறது?" என்றார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அறியாமைக் கால அரபியர் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளால் சீட்டெடுத்துச் சூதாடினார்கள். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையடித்துக் கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழைகள் வயிறு நிறைந்தது உண்மை. ஆயினும் திருமறை (2:219) அதன் பயனை விடப் பாவமே பெரிது என்று தீர்ப்பளித்தது. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஆசையைத் தூண்டிப் பறித்த காசு, ஏழையின் கைக்குப் போவதால் தூய்மையாகிவிடாது. பரிசு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். கருவி பொருத்திய முதல் வாரம், பக்கத்துக் கடையில் பாத்திரம் கழுவும் பெண்மணியின் மகன் பெட்டியருகே நின்று, பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன சீசனில் நாள்தோறும் ஆடியவன் அவன். "ஏன் தம்பி, நீ ஆடவில்லையா?" என்று கேட்டேன். "காசு போடணுமாமே!" என்றான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக வைத்த துளை, ஓர் ஏழைப் பிள்ளையின் முகத்தில் அல்லவா கதவை அடைத்துவிட்டது!

மறுநாள் மருமகனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒரு கிண்ணத்தை எடுத்து வந்து, தன் கைக்காசிலிருந்து சில பத்து ரூபாய் நாணயங்களை இட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தான். மேலே ஒரு சீட்டு ஒட்டினான்: "உள்ளவர் போடலாம், இல்லாதவர் எடுக்கலாம்." பெட்டியின் முகப்பிலும் தெளிவாக எழுதினான்: "இது ஆட்டத்திற்கான கட்டணம். வருமானத்தைக் கடைக்காரர் ஏழை மாணவர்களுக்கு வழங்குகிறார்." உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள், ஒரு சாவி ஜமாஅத் பெரியவர் ஒருவரிடம். தொழுகை நேரங்களில் திரை அணைந்திருக்கும்.

கிண்ணம் ஒரே நாளில் காலியாகிவிடும் என்றே நான் நினைத்தேன். காலியாகவில்லை. குளிக்க முடியாமல் திரும்பிய யாரோ, பெயர் சொல்லாமல், அதில் காசு போட்டுச் சென்றுகொண்டே இருந்தார்கள்.

சகோதர, சகோதரிகளே! துளையில் விழுவது வாடகை. விளையாடியவர் அதற்குரிய இன்பத்தைப் பெற்றுக்கொண்டார். கிண்ணத்தில் விழுவதே சதக்கா. நற்பணிக்கென்று நாமும் எத்தனையோ விழாக்களும் விற்பனைகளும் நடத்துகிறோம். அங்கெல்லாம் எது துளை, எது கிண்ணம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வாசலில் காசில்லாமல் நிற்கும் பிள்ளை யார் என்றும் திரும்பிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.