60 டாலருக்கு ஒரு ஸ்னோ ப்ளோயர்!

பனின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹீரோ மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ஹீரோயின் ஷிஃபான் சேலையில நடுங்காம ஆடுற டூயட்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்டா ஒரு வருஷம் அமெரிக்காவுக்குப் போற வரைக்கும்! இப்போ பனின்னா எனக்கு ஞாபகம் வர்றது பெட்ரோல் வாசனை, கறுப்பேறிய நகம், அப்புறம்... நூலிழையில் தப்பிச்ச என் வலது கை விரல்கள்.

ஊர் பேரு மினியாபொலிஸ். மினசோட்டா மாநிலம். மிசிசிப்பி ஆறு ஊருக்கு நடுவுல ஓடுது. வருஷத்துக்கு சராசரியா 50 அங்குலம் பனி கொட்டுற ஊர். 1991 ஹாலோவீன் சமயத்துல ஒரே புயலில் 28.4 அங்குலம் கொட்டியதை அங்கே இருக்கிற பெருசுங்க இன்னமும் கதையா சொல்றாங்க. ஆற்றின் ரெண்டு கரையிலும் பல்கலைக்கழகம். நடுவுல இருக்கிற வாஷிங்டன் அவென்யூ பாலத்தின் மேல்தளத்தில், குளிருக்குப் பயந்து கூரையும் கண்ணாடியும் போட்ட நடைபாதை. டவுன்டவுனில் கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடிப் பாலம். ரோட்டுல காலே வைக்காம மைல் கணக்குல நடக்கலாம்!

ஆனா நாம தங்குறது டவுன்டவுனில் இல்லையே பாஸ்! நாங்க மூணு பசங்க குடியிருந்தது ஒரு பழைய மர வீட்டின் மாடி. கீழே ஹவுஸ் ஓனர். எழுபதைத் தாண்டியவர், பைபாஸ் ஆனவர். போன முதல் நாளே ஒரு அதிர்ச்சி கொடுத்தார். "வீட்டு வாசல் நடைபாதையில விழுற பனியை வீட்டுக்காரங்கதான் அள்ளணும். பனி நின்ன 24 மணி நேரத்துக்குள்ள அள்ளலேன்னா கார்ப்பரேஷன்ல பில் அனுப்புவாங்க. என் டாக்டர் என்னை மண்வெட்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார். அதனால..."

அந்த 'அதனால'வுக்கு அர்த்தம் புரிஞ்சுது. குளிர்ல திடீர்னு பனி அள்ளினா ஹார்ட் அட்டாக் வர்ற வாய்ப்பு அதிகம்னு டாக்டர்களே எச்சரிக்கிறாங்க. அவருக்காக நாங்கதான் அள்ளணும். மூணு பேருமே ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியைத் தவிர வேற பனியைப் பார்த்ததில்லை!

வெயில்ல வாங்கணும்!

"மெஷின் வாங்கணும்னா இப்பவே வாங்கு. நவம்பர்ல போனா விலை டபுள்" என்றார் தாத்தா. அப்போ செப்டம்பர் முதல் வாரம். வேர்த்துக் கொட்டுது. ஸ்னோ ப்ளோயரைத் தேடி சனிக்கிழமை காராஜ் சேல்களில் அலைஞ்சோம். வீட்டு ஷெட்டைத் திறந்து போட்டு, வேண்டாத சாமானை எல்லாம் அவங்களே விலை எழுதி விக்கிற திருவிழா அது.

இதுல ரெண்டு ஜாதி உண்டு. 'டூ ஸ்டேஜ்' பெருசு. முன்னாடி இருக்கிற இரும்புத் திருகு பனியை உள்ளே இழுக்க, பின்னாடி ஒரு விசிறி அதைத் தூக்கி எறியும். 'சிங்கிள் ஸ்டேஜ்' சின்னது. ஒரே ஒரு சுழலி. அதுல ரப்பர் துடுப்பு. அதுவே அள்ளும், அதுவே புகைபோக்கி மாதிரி இருக்கிற குழாய் வழியா வீசும். ரப்பர் தரையை உரசிக்கிட்டே சுத்துறதால வண்டியையும் லேசா முன்னாடி இழுக்கும். சிமென்ட் நடைபாதையை வழிச்சுத் துடைச்ச மாதிரி ஆக்கிடும். ஆனா ஜல்லி போட்ட பாதையில ஓட்டினா கல்லைத் தூக்கி எதிர் வீட்டு ஜன்னலுக்கு அனுப்பிடும். எங்க வாசல் சிமென்ட். அதனால சிங்கிள் ஸ்டேஜே போதும்னு முடிவாச்சு.

நாலாவது வீட்டில் மாட்டியது நம்மாளு. விலைச்சீட்டில் 60 டாலர். புதுசு பல நூறு டாலர். 'போன வருஷம் ஓடியது'ன்னு எழுதியிருந்தாங்க. தாத்தா காதைக் கடித்தார். "அப்படின்னா இந்த வருஷம் ஓடாதுன்னு அர்த்தம்!"

செகண்ட் ஹேண்ட் வாங்குறப்போ அவர் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான். முதல்ல இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சுடுதுன்னா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே கஷ்டப்பட்டு ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கயிறை மெதுவா இழுங்க. கையில எதிர்ப்பு தெரிஞ்சா கம்ப்ரஷன் இருக்கு. தெரியலேன்னா கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க. ரப்பர் துடுப்பு தேஞ்சிருந்தா பரவாயில்லை. அது மாத்துற சாமான்தான். அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். நான் குறைச்சுக் கேட்டேன். வீட்டுக்கார அம்மா சிரிச்சுக்கிட்டே ஒரு பழைய பெட்ரோல் கேனை இலவசமா கொடுத்துட்டாங்க. விலை மட்டும் குறையலை!

அப்பாவின் எக்ஸ்.எல்.

எதிர்பார்த்த மாதிரியே ஸ்டார்ட் ஆகலை. முப்பது தடவை கயிறை இழுத்ததுல தோள்பட்டைதான் கழண்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ஞ்சு கிடந்தது. அவ்வளவு இழுத்த பிறகும் பிளக் ஈரமாகலேன்னா, சிலிண்டருக்குப் பெட்ரோலே போகலைன்னு அர்த்தம். மெக்கானிக்கல் மூணாவது வருஷப் படிப்பு இந்த இடத்துல கைகொடுத்ததுன்னு பெருமை அடிச்சுக்க ஆசைதான். நிஜத்துல கைகொடுத்தது, ஈரோட்டில் அப்பா ஓட்டின பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.! இதுவும் அதே டூ ஸ்ட்ரோக். அதே கார்புரேட்டர். பெட்ரோல்ல ஆயில் கலக்குற அதே வேலை.

ராத்திரி போன் போட்டா, அப்பா கேட்டார்: "ஏன்டா சாமி, ஏரோப்ளேன் ஏறிப் போயும் கார்புரேட்டர்தானா?" அப்புறம் அவரே சொன்னார். "அடியில கிண்ணத்தைக் கழட்டு. ஜெட்டுல அடைச்சிருக்கும்."

அடைச்சுத்தான் இருந்தது. மாசக்கணக்குல பெட்ரோலை உள்ளேயே விட்டுட்டா அது காய்ஞ்சு பிசினாகி, ஊசித் துவாரம் மாதிரி இருக்கிற ஜெட்டை மூடிடும். கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு, ரூம்மேட்டின் கிடாரிலிருந்து அறுந்த மெல்லிய கம்பியால துவாரத்தைக் குத்தி எடுத்தேன். டேங்க் மூடியில 50:1னு எழுதியிருந்தது. அதாவது அஞ்சு லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி ஆயில். புதுசா கலந்து ஊத்தி, மெஷினை ஷெட்டுக்கு வெளியே தள்ளிட்டு வந்து (மூடின ஷெட்டுக்குள்ள ஓட்டினா கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்ச்சுடும்!) கயிறை இழுத்தேன். மூணாவது இழுப்புல 'டர்ர்ர்ர்'. வெள்ளைப் புகை. எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் வாசனை!

அந்த அஞ்சு விநாடி

நவம்பரில் முதல் பனி. வீசி எறியுற பனி வெயில்ல மின்னும்போது நிஜமாவே டூயட் எஃபெக்ட்தான். எங்க வாசலோட நிறுத்த மனசு வரலை. பக்கத்து வீட்டு வாக்கர் பாட்டி வாசலையும் சேர்த்துத் தள்ளினேன். காசு வாங்கினா விசா பிரச்னை. அதனால சம்பளம், சுடச்சுட குக்கீஸ்!

பிப்ரவரியில் ஒருநாள், குளிர் கொஞ்சம் குறைஞ்சு ஈரப்பனி விழுந்தது. குழாயில் பனி அடைச்சுக்கிச்சு. கைப்பிடியை விட்டேன், சுழலி நின்னுடுச்சு. இன்ஜின் மட்டும் ஓடிட்டிருந்தது. அவசரம். பத்து மணிக்கு கிளாஸ். குனிஞ்சு, கிளவுஸோட கையைக் குழாய்க்குள்ள...

"நிறுத்துடா!"

ஜன்னலைத் திறந்து கத்தினது தாத்தா. அந்தக் குளிர்லயும் செருப்போட இறங்கி வந்துட்டார். இன்ஜினை ஆஃப் பண்ணினார். சாவியை உருவினார். அஞ்சு எண்ணினார். கையிலிருந்த உடைஞ்ச விளக்குமாத்துக் கட்டையைக் குழாய்க்குள்ள விட்டு நெம்பினார். பனி உதிர்ந்த அடுத்த கணம், பெல்ட்டில் தங்கியிருந்த இழுவையில சுழலி 'டக்'னு ஒரு திருப்பு திரும்பி நின்னது. கட்டை நுனி தெறிச்சு விழுந்தது.

நான் பேசவே இல்லை. அவர்தான் பேசினார். "என்கூட வேலை பார்த்தவனுக்கு வலது கையில ரெண்டு விரல் கிடையாது. அன்னிக்கு அவனுக்கும் அவசரம்தான்." வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவங்க இந்த மெஷினால அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்கன்னு பிறகுதான் படிச்சேன்.

கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சதுமே மெஷின் எனக்கு அடங்கிடுச்சுன்னு நினைச்சது என் தப்பு. ரிப்பேர் பண்ணத் தெரியறது வேற. எங்கே கையை வைக்கக் கூடாதுன்னு தெரியறது வேற. முதலாவதுக்கு செமஸ்டர்ல மார்க் உண்டு. ரெண்டாவதுக்கு விரல் உண்டு. நாளைக்கு நீங்க லேத்துக்கு முன்னாடி நின்னாலும், கல்லூரி ஒர்க்‌ஷாப்ல டிரில்லிங் மெஷினைத் தொட்டாலும் இதேதான் பாஸ்.

அதுக்கப்புறம் ஈரப்பனி விழுந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சுடுவேன். தோசைக்கல்லு ட்ரிக்தான். பனி ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போயிடும்.

மே மாசம் ஊருக்குக் கிளம்பறப்போ மெஷினை விக்கலை. டேங்க்ல இருந்த பெட்ரோலை எடுத்துட்டு, கார்புரேட்டர் காய்ஞ்சு இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட்டினேன். மாடிக்கு அடுத்து வரப்போற பையன் கிடாரைத் தேட வேண்டாம் பாருங்க. ஷெட்டுல நிறுத்தி, கைப்பிடியில அந்தத் தெறிச்ச கட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். அதுல ஒரு சீட்டு.

'பெட்ரோல் காலி. புதுசா கலந்து ஊத்தவும். அடைச்சா, கட்டையை மட்டும் உள்ளே விடவும்.'