செம்மண் பாதைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள்

அன்று காலை மூன்றாவது முறையாக வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் சுழன்றதே தவிர, வண்டி ஓரடிகூட நகரவில்லை. அவள் இறங்கி, கால்சட்டை முழுவதும் செம்மண் தெறிக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறினாள். மேலே அறுவடைக்காரர்கள் காத்திருந்தனர். வெட்டிய செம்பனைக் குலைகளை அவள் பார்த்து எண்ணிக் குறித்த பிறகுதான் லோரியில் ஏற்ற முடியும். வெட்டிய குலைகளை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும்.

உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்காவது நேரத்தோட வந்துடுவியாம்மா?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு அந்தக் கேள்வி அதிகமாக வலித்தது.

சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தில் அவள் மேற்பார்வையாளராகச் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும். அந்தப் பிரிவில் அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள். "உன் வேலையில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை" என்று நிர்வாகி ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டார்.

குறை அவளிடம் இல்லை. அவள் ஓட்டிய வண்டியிடம்கூட இல்லை. அது ஊரில் எல்லாரும் ஓட்டும் 'கப்சாய்' வகை. தார்ச் சாலையில் அதைவிடச் சிக்கனமான வண்டி கிடைப்பது அரிது. ஆனால், அதன் சக்கரங்கள் சிறியவை, அடிவயிறு தாழ்வானது. லோரிச் சக்கரங்கள் உழுதுவிட்டுப் போன பள்ளங்களில் அதன் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்துவிடும். அவளுக்குத் தேவைப்பட்டது தார்ச் சாலைக்கும் தோட்டப் பாதைக்கும் பொதுவான ஒரு வண்டி. உயரமான உடல், பெரிய முன்சக்கரம், நீண்டு சுருங்கும் அதிர்வுதாங்கி, அதே சமயம் சாலையில் ஓட்டத் தேவையான விளக்கும் எண்பட்டையும் கொண்டது. தோட்டத்தில் அதை 'ஸ்கிரம்ப்ளர்' என்று சொல்வார்கள்.

புதியது வாங்க வசதியில்லை. அம்மா மாதந்தோறும் கட்டிவந்த கூட்டில் எடுத்த 7,000 ரிங்கிட் அலமாரியில் இருந்தது. மகளுக்கு ஒரு சங்கிலி வாங்குவதற்காக வைத்த பணம் அது. கேட்டபோது அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரவு உணவு முடிந்து பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, "சங்கிலியை விற்றால் பணம் வரும். அந்த வண்டியை விற்றால் வருமா?" என்றார்.

"சங்கிலி என்னை மேட்டுக்கு ஏற்றிவிடாதே, அம்மா" என்றாள் அவள். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால், மறுநாள் காலையில் பணம் மேசைமேல் இருந்தது.

தைப்பிங்கில் ஒருவர் தம் கவாசாகி கேஎல்எக்ஸ் 150 வண்டியை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. 144 சிசி இயந்திரம். அவளிடம் இருந்த பி2 உரிமம் 250 சிசி வரை செல்லும்.  அப்பாவும் அவளும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அப்பா தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர். இயந்திரங்களிடம் அவருக்கு மரியாதை உண்டு. அவற்றை விற்பவர்களிடம் சந்தேகம் உண்டு.

விற்பவர் வாசலிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். அப்பா விலையைக் கேட்கவில்லை. நேரே போய் இயந்திரத்தின்மேல் கைவைத்தார். சூடாக இருந்தது.

"இப்போதுதான் ஓட்டினீர்களா?"

"சும்மா, சூடாக்கி வைத்தேன்" என்றார் விற்பவர்.

"பரவாயில்லை. ஆறட்டும். தேநீர் குடித்துவிட்டு வருகிறோம்."

கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா காரணத்தைச் சொன்னார். சூடாக இருக்கும் இயந்திரம் எளிதில் கிளம்பிவிடும். குளிர்ந்த இயந்திரம்தான் தன் நோயைக் காட்டும். கிளம்ப மறுக்கிறதா, உள்ளே தட்டுகிறதா, நீலப் புகை விடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பொருள். முழுதாக ஒரு மணி நேரம் அவர்கள் அங்கே இருந்தார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பணத்தோடு கொஞ்சம் பொறுமையையும் எடுத்துப்போக வேண்டும் போலும்.

திரும்பி வந்து பார்த்தபோது இயந்திரம் இரண்டாவது உதையில் கிளம்பியது. புகை இல்லை. பிறகு, அப்பா அவளையே பார்க்கச் சொன்னார். தலைக்குழாயில் பொறித்த சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிட்டாள். இரண்டும் பொருந்தின. பின் பற்சக்கரத்தின்மேல் கிடந்த சங்கிலியைப் பின்னோக்கி இழுத்தாள். பல்லின் பாதி வெளியே தெரிந்தது. சங்கிலி நீண்டு தேய்ந்திருந்தது. பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூர்ந்திருந்தன. ஒரு சிறிய ஸ்பானரால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று ஒலித்தது. தளர்ந்தது மந்தமாக ஒலித்தது. பின்சக்கரத்தில் நான்கு கம்பிகள் மந்தமாக ஒலித்தன. முன் அதிர்வுதாங்கியின் பளபளப்பான குழாயைத் துணியால் துடைத்து, வண்டியை அழுத்தி எழுப்பிப் பார்த்தாள். இடப்பக்கத்தில் மெல்லிய எண்ணெய் வளையம். பிடிகளின் முனையிலும் மிதியடியிலும் இருந்த கீறல்கள், அந்த வண்டி எத்தனை முறை கீழே விழுந்திருக்கிறது என்பதை அதன் உரிமையாளரைவிட நேர்மையாகச் சொல்லின.

இவற்றில் எதுவும் வண்டியை வேண்டாம் என்று சொல்லும் குறையன்று. எல்லாம் மாற்றக்கூடியவை. ஆனால், மாற்றப் பணம் வேண்டும். அவள் ஒரு தாளில் கணக்கெழுதி விற்பவரிடம் காட்டினாள். 6,800 ரிங்கிட் கேட்டவர் 5,900க்கு இறங்கினார். வண்டிமேல் அபராதமோ வங்கிக் கடனோ பாக்கி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு, இருவரும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கைரேகை வைத்து உரிமையை மாற்றினார்கள்.

வண்டி வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் மாலை அவள் அதை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதைக்குப் போனாள். அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கப்சாய் திணறிய பள்ளங்களை 21 அங்குல முன்சக்கரம் மிதித்துக்கொண்டு போனது. பாதி மேட்டில் எதிரே டிராக்டர் வந்தது. அவள் ஒதுங்கி நின்று, காலை ஊன்றினாள். கால் ஊன்றத் தரை இல்லை.

இருக்கை தரையிலிருந்து 870 மில்லிமீட்டர். அவள் உயரம் 152 சென்டிமீட்டர். சாய்ந்த வண்டியை அவளால் தாங்க முடியவில்லை. வண்டியும் அவளும் வாய்க்காலில் விழுந்தார்கள். பெரிய காயம் ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு. ஆனால், டிராக்டரில் இருந்தவர்கள் இறங்கி வந்து வண்டியைத் தூக்கியபோது ஒருவர், "இது ஆம்பளைங்க வண்டிம்மா" என்றார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"விற்றுவிடலாமா, அப்பா?"

"வண்டி உன் அளவுக்குத் தைத்ததில்லை. கடையில் வாங்கிய சட்டையை நீ அப்படியேவா போடுகிறாய்? கை நீளமாக இருந்தால் மடித்துத் தைப்பதில்லையா?" என்றார் அப்பா.

முதலில் இருக்கை. ஈப்போவில் வாகன இருக்கைக்கு உறை தைக்கும் கடையில் உள்ளிருந்த நுரையைச் சீவி 3 சென்டிமீட்டர் குறைத்தார்கள். இன்னும் குறைக்கலாம்தான். ஆனால், நுரை மெலிந்தால் நாள் முழுவதும் உட்கார முடியாது. அடுத்து, பின் அதிர்வுதாங்கியின் இணைப்புத் தகட்டை மாற்றிப் பின்பக்கத்தை இறக்கினார்கள். அதற்கேற்ப முன் குழாய்களையும் சற்று மேலே தள்ளிப் பொருத்தினார்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். திருப்பும்போது வண்டி சொன்னபடி கேட்காது.

"இன்னும் இரண்டு அங்குலம் இறக்கலாமா?" என்று பட்டறைக்காரச் சீனர் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். மேலும் இறக்கினால் வண்டியின் வயிறு மறுபடியும் தரையைத் தொடும். அப்படியானால், கப்சாயை விட்டு இதை வாங்கியதற்கு அர்த்தமே இல்லை. மாற்றியமைக்கும் வேலையில் கடினமானது எதைச் செய்வது என்பதன்று. எங்கே நிறுத்துவது என்பதுதான்.

இறக்கிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனவள் பெரிய சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வண்டி மறுபக்கமாகச் சாய்ந்து, அம்மாவின் கறிவேப்பிலைச் செடிமேல் கிடந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, பக்கத் தாங்கியின் நீளம் மட்டும் குறையவில்லை. அதனால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்றிருக்கிறது. லேசான காற்று போதுமானதாக இருந்தது. தாங்கியை 2 சென்டிமீட்டர் வெட்டிப் பற்றவைத்தார்கள். கறிவேப்பிலைச் செடிக்கு அப்பா ஒரு குச்சி நட்டுக் கட்டினார்.

சங்கிலி, பற்சக்கரங்கள், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையம், பிரேக் கட்டைகள் எல்லாம் புதிதாயின. முன் பற்சக்கரத்தில் ஒரு பல் குறைவானதைப் பொருத்தியதால் மேட்டில் மெதுவாக ஏறும்போது இழுவை கூடியது. அதற்கு விலையாக, தார்ச் சாலையில் இயந்திரம் முன்பைவிடச் சீக்கிரம் கத்தத் தொடங்கியது. அவளுக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் யாரையும் முந்த வேண்டிய வேலை அவளுக்கு இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன்கள் வேறு யோசனை சொன்னார்கள். "அக்கா, புகைக்குழாயை மாத்துங்க. சத்தம் சும்மா அதிரும்!" கையில் அப்போது 150 ரிங்கிட் மீதம் இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது? ஆனால், இரைச்சலிடும் புகைக்குழாய் பொருத்துவது சட்டப்படி குற்றம். அதைவிட, சத்தம் கூடுவதால் சேற்றில் ஒரு சக்கரமும் கூடுதலாகப் பிடிக்கப்போவதில்லை. அந்தப் பணம் பின்சக்கரத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திய டயராக மாறியது. அந்த டயர் சேற்றைக் கவ்வும். நனைந்த தார்ச் சாலையில் வழுக்கும். ஆகவே, தோட்ட வாசலைத் தாண்டியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள்; முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதலாகத் தள்ளி வந்தாள்.

இவ்வளவு செய்தும் இரண்டு கால்களும் முழுதாகத் தரையைத் தொடவில்லை. கடைசி வேலையை ஸ்பானரால் செய்ய முடியவில்லை. மாலைதோறும் அப்பா அவளை லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவுக்கு அழைத்துப் போனார். இடுப்பை இருக்கையின் இடப்பக்கம் சற்று நகர்த்தி இடக்காலை மட்டும் ஊன்ற வேண்டும். வலக்கால் பின் பிரேக்கை விடக் கூடாது. நிற்பதற்கு முன்பே எங்கே நிற்பது என்று பார்த்து, மேடான பக்கம் இடப்பக்கமாக அமையும்படி வண்டியை நிறுத்த வேண்டும். முதல் நாள் நான்கு முறை விழுந்தாள். இரண்டாம் நாள் இரண்டு முறை. ஐந்தாம் நாள் அம்மா வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, எதுவும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இரவெல்லாம் மழை. காலை ஆறே முக்காலுக்கு அவள் மேட்டுப் பாதையில் ஏறினாள். பாதி மேட்டில் அதே டிராக்டர் வந்தது. அவள் மேடான பக்கமாக ஒதுங்கி, இடக்காலை ஊன்றி நின்றாள். டிராக்டர் அவளைக் கடந்து கீழே இறங்கியது. ஓட்டுநர் எதுவும் சொல்லவில்லை; கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

மேலே பாட்டி உதிரிப் பழங்களைக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், "குலை இன்னும் முழுசா வந்து சேரலையேம்மா, அதுக்குள்ள வந்துட்டே" என்றார். அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினாள். வெட்டிய தாங்கியின்மேல் வண்டி சரியான சாய்வில் நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, குறிப்பேட்டைத் திறந்து, வந்து சேர்ந்த குலைகளை எண்ணத் தொடங்கினாள்.