வேலிக்கும் ஒரு காவல்

பயிருக்கு வேலி வேண்டுமென்பதை மறுப்பார் யாருமில்லை. ஆயினும், வேலியே பயிரை மேய்ந்த கதையும் நம்மவர்க்குப் புதிதன்று. ஆதலின், வேலி கட்டியதும் உழவன் உறங்கிவிடுவதில்லை. அடிக்கடி வரப்பிற் சென்று பார்த்து வருகிறான். பெற்றோராற் கைவிடப்பட்ட, அல்லது பெற்றோராலேயே துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்குச் சர்க்கார் கட்டியிருக்கும் வேலியை நாம் அங்ஙனம் பார்த்து வருகிறோமா?

யான் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற் பிறந்தவன். 1942 முதல் 1945 வரை சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்பாதவரின் பிள்ளைகளை, லயத்தில் அடுத்த வீட்டாரே சோறிட்டு வளர்த்தனரென்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யுத்தம் முடிந்தபின், 1946-இல் மலாயாவில் சமூகநல இலாகா ஏற்பட்டது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர் பட்டணத்து அடுக்குவீடுகளிற் குடியேறினர். அயலார் கண் மறைந்தது; இலாகாவின் கண் ஒன்றே எஞ்சிற்று.

பழைய லயத்தைச் சுவர்க்கமென்று யான் சொல்லவில்லை. பிள்ளையை அடிப்பது பெற்றவர் உரிமை என்னும் மூடக்கொள்கை அங்கும் இருந்தது. 1990-இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று அடிபட்டு மாண்டது கண்டு நாடு கொதித்தெழுந்த பின்னரே, 1991-இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதனையும் உள்ளடக்கியதே 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம்.

இச்சட்டம் தரும் அதிகாரம் சிறிதன்று. ஆபத்திலிருப்பதாகத் தக்க காரணத்தோடு கருதப்படும் குழந்தையைப் பாதுகாவல் அதிகாரியோ போலீசாரோ தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் குழந்தைகள் நீதிமன்றத்தின் முன் நிறுத்தவேண்டும். அடிபடும் குழந்தைக்கு இவ்வதிகாரமே உயிர். எனினும், தாய் மடியினின்று குழந்தையைப் பிரிக்கும் கையைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டாமா?

வேண்டுமென்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. குழந்தைகள் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர் அமர்கின்றனர். அவர்கள் அந்த மாநிலத்தில் வசிப்பவராயும், ஒருவரேனும் பெண்ணாயும் இருத்தல் வேண்டும். காப்பிடங்களைச் சென்று காண்பதற்குப் பார்வையாளர் குழுக்களையும் சட்டம் வகுத்துள்ளது. 2019-இல் மனித உரிமைக் கழகமான சுஹாகாமில் குழந்தைகள் ஆணையர் பதவியும் ஏற்பட்டது. வாயில்கள் பல உண்டு. அவற்றுள் நுழைவோர்தாம் அருகியிருக்கின்றனர்.

சில ஆண்டுகட்கு முன் எங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண்குழந்தையொன்று இல்லமொன்றிற் சேர்க்கப்பட்டது. மலாய் எழுதத் தெரியாத அதன் பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்து யானும் உடன் சென்றேன். ஊழியர் அன்பாகவே நடந்துகொண்டனர். ஆனால், தமிழறிந்தவர் அங்கு ஒருவருமில்லை. தலைவலியையும் பசியையும் குழந்தை கையாற் காட்டியே தெரிவித்து வந்தது. "நம்மவர் யாரேனும் இங்கு வருவதுண்டா?" என்று கேட்டேன். "தீபாவளிக்கு வருவார்கள் ஐயா, அரிசி கொடுப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள்" என்றார் ஓர் ஊழியர்.

அரிசி கொடுப்பது குற்றமன்று. ஆனால், அரிசி மூட்டையோடு சென்றவர், "நீ பள்ளிக்குப் போகிறாயா? வைத்தியர் எப்பொழுது வந்தார்? பாட்டியைக் கடைசியாக எப்பொழுது பார்த்தாய்?" என்று கேட்டாரா? அதுவன்றி, பாதுகாவலில் உள்ள குழந்தையின் படத்தை வெளியிடுவதே சட்ட விரோதம்.

நற்பெயரை நம்பிக் கண் மூடியிருத்தல் தகாது. 2024 செப்டம்பர் 11-ஆம் நாள் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களைப் போலீசார் சோதனையிட்டு 402 குழந்தைகளை மீட்டனர். தர்ம இல்லமென்றே ஊரார் எண்ணிக் கடந்து சென்ற வாசல்கள் அவை.

தோழர்களே! கோயிற் கமிட்டிக்கும் சங்கத் தலைமைக்கும் நாம் போட்டியிடுகிறோம். இப்பார்வையாளர் குழுவில் அமர விண்ணப்பித்தவர் நம்மில் எத்தனை பேர்? ஓய்வுபெற்ற ஆசிரியரும், தாதியரும், படித்த பெண்டிரும் முன்வரலாகாதா? அடுத்த வீட்டிற் குழந்தை அலறினால் 15999 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். அதன்பின் அக்குழந்தை எங்கே கொண்டுபோகப்பட்டது, எப்படியிருக்கிறது என்றும் கேளுங்கள். இலாகாவைக் கேள்வி கேட்பது பகைமையன்று. தன் துன்பத்தைத் தன் மொழியிற் சொல்லவும் ஆளில்லாத ஒரு குழந்தைக்காக வாய் திறப்பதேயாகும்.