பாதத்தில் பேனாக் குறி

திங்கள், இரவுப் பணி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து நான் வந்த பஸ் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் நின்றுவிட்டதால் வார்டுக்குள் நுழையும்போதே பரபரப்பு. மறையூர்க்காரருக்கு, இதயத்தின் வேலையை வெளியிலிருந்து செய்துவந்த எக்மோ கருவியை மதியம் எடுத்தாயிற்று. கரும்பு வெட்டுகிறவர், எலிக்காய்ச்சலில் இதயத் தசை வீங்கி, துடிப்பு அடங்கும் நிலையில் கோவைக்குக் கொண்டுவரப்பட்டார். எல்லாரும் மானிட்டரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். என் கண் வலது பாதத்தில்.

2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும் 2020-இல் எஸ்.பி.பி.க்கும் வைத்தபோது எக்மோ என்ற பெயர் டீக்கடை வரை வந்தது. இருவரும் மீளாததால், குழாயை எடுத்தபின் என்ன என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

எக்மோவுக்காகத் தொடைத் தமனிக்குள் போகும் குழாய் 5, 6 மில்லிமீட்டர் தடிமன். தமனியே அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. காலுக்குப் போகும் ரத்தம் அடைபடுமென்றுதான் கீழ்நோக்கித் தனியே ஒரு சின்னக் குழாய் போடுகிறோம். எல்லாம் எடுத்துத் தைத்த பிறகும் தையல் இடம் சுருங்கலாம், ரத்தக்கட்டு கீழே நழுவலாம். ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துவிடும். அதனால் மணிக்கொரு தடவை பார்க்கிறோம்.

செவ்வாய், விடியற்காலை

நீர் கோத்த பாதத்தில் நாடி விரலுக்குச் சிக்கவில்லை. ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளரை நகர்த்தினேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே, 'உஷ்... உஷ்'. அங்கே மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி. உள்கணுக்காலுக்குப் பின்னால் இன்னொன்று. அடுத்த ஷிப்ட் தேடி அலைய வேண்டாம்.

வெளிறியிருக்கிறதா பார் என்கிறது புத்தகம். வெயிலில் கறுத்து, காய்ப்பேறிய பாதத்தில் வெளிறலை எங்கே தேட? நகத்தை அழுத்தி விட்டேன்; இரண்டு மூன்று விநாடியில் சிவந்தது. சூட்டைப் பார்க்க இரு கைகளையும் இரு கால்களிலும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஏசி அறையில் யார் கால்தான் ஜில்லிடாது? ஒன்றைவிட ஒன்று ஜில்லிட்டால்தான் கவலை.

கெண்டைக்காலை டேப்பால் அளந்தேன். அது கல்லாக இறுகினால், நாடி துடித்தாலும் சர்ஜனை எழுப்பியே ஆக வேண்டும். வலியென்று சொல்வார் என்று காத்திருக்க முடியாது. மயக்க மருந்தில் இருப்பவர் எதைச் சொல்வார்?

வியாழன்

விரலுக்கே நாடி கிடைக்கிறது. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் 0.9-க்கு மேல்; ஓட்டம் சரி. சிரை ஸ்கேனில் மட்டும், குழாய் இருந்த இடத்தில் சின்ன ரத்தக்கட்டு. எக்மோவுக்குப் பின் இது சகஜம். வீக்கம் இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடரும்.

டிஸ்சார்ஜ் நாள்

"இனி பயமில்லையே சிஸ்டர்?" என்றார் மனைவி. உடுமலை போய், சின்னாறு காட்டைத் தாண்டிப் போக வேண்டிய வீடு.

"இங்க விரல வைங்கக்கா. அழுத்தாதீங்க, சும்மா வைங்க."

முதலில் கிடைக்கவில்லை. அழிந்துகொண்டிருந்த குறியைக் காட்டினேன்.

"துடிக்குது!"

"தினம் ரெண்டு காலையும் பாருங்க. ஒரு கால் திடீர்னு ஜில்லிட்டாலோ மரத்தாலோ, வீங்கி வலிச்சாலோ தைலம் தேய்ச்சிட்டு உட்காரக் கூடாது. மூணாறுக்கு ஏறுறதா, உடுமலைக்கு இறங்குறதான்னு இப்பவே பேசி வச்சுக்கங்க."

"இறங்கிருவோம் சிஸ்டர். கோயம்புத்தூர் அந்தப் பக்கம்தானே."