சுத்தி உட்டா ஓடுமுங்க!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தது சேவை செய்ய அல்ல. சர்டிபிகேட் கிடைக்கும், முகாம் நாட்களில் லேப் கிடையாது, அவ்வளவுதான். (1969ல் காந்தி நூற்றாண்டில் இத்திட்டத்தைத் தொடங்கிய பெரியவர்கள் மன்னிப்பார்களாக!)

சிங்காநல்லூரில் ஓர் ஆரம்பப் பள்ளி. சிவில் மாணவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை. எலக்ட்ரிகல்காரர்களான எங்களுக்கு ஃபேன், டியூப்லைட். டெஸ்டர் வெளியே தெரியும்படி பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஐந்தாம் வகுப்பில் நுழைந்தேன். "வணக்கம் ஐயா!" என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. என்னை ஐயா என்று அழைத்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை. தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் "உம்ம்ம்" என்றது, சுற்றவில்லை. ஸ்டூலில்கூட ஏறாமல் தீர்ப்புச் சொன்னேன்: "வைண்டிங் போயிடுச்சுங்க மேடம். புதுசா வாங்கிடறது நல்லது."

தலைமையாசிரியை பேசாமல் கைப்பையைத் திறந்தார். "டியூப்லைட்டும் என் கைக்காசுதான் தம்பி. பரவாயில்ல, குழந்தைங்க வேர்த்துக் கெடக்குதுங்க."

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "அண்ணா, அது சுத்தி உட்டா ஓடுமுங்க" என்றாள். ஒட்டடைக் கம்பை எடுத்து றெக்கையை ஒரு தள்ளு தள்ளினாள். ஓடியது! நிறுத்தி, எதிர்ப்பக்கம் தள்ளினாள். எதிர்ப்பக்கமாக ஓடியது. "கண்டன்சர்தானுங்க போயிருக்கும். எங்கப்பாரு பட்டறைல வைண்டிங் கட்டறாருங்க."

நண்பர்களே, சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாக ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான். மெயின் வைண்டிங் மட்டும் இருந்தால் காந்தப்புலம் துடிக்குமே தவிரச் சுழலாது. கெப்பாசிட்டர் இரண்டாவது வைண்டிங்கின் கரண்டை முன்தள்ளிச் சுழலவைக்கும். எல்லாம் மனப்பாடம். அது தலைக்கு மேலே தொங்கும் ஃபேனைப் பற்றிய பாடம் என்பதுதான் தெரியாது! 1932ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லும் மோட்டார் பட்டறையுமாக வளர்ந்த ஊர் இது. 1945ல் இங்கே பாலிடெக்னிக் தொடங்கிய ஜி.டி. நாயுடுவே பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தானே.

திருச்சி ரோட்டில் ஒரு கடையில் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வாங்கி வந்து மாட்டினேன். காற்று வந்தது. ஒரே கைதட்டல். அப்போதுதான் உள்ளே வந்த தலைமையாசிரியை, "கெட்டிக்காரத் தம்பி!" என்றார். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். அந்தச் சிறுமியும் எல்லோரோடும் சேர்ந்து தட்டினாள். "நான்தானே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை. பாதியில் கை கழுவிக்கொண்டு போய், "மேடம், கண்டுபிடிச்சது நானில்லீங்க" என்றேன். வீணாகப் போகவிருந்த அவர் பணத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். "சாயங்காலம் அவளையே பேச வைப்போம் தம்பி."

மாலையில் பள்ளி மொத்தமும் மைதானத்தில். அவள் விளக்கினாள்; பழைய கண்டன்சரை உயர்த்திப் பிடித்துக் காட்டும் உதவியாளன் நான். இந்த முறை கைதட்டல் அவளுக்கு. நானும் கை சிவக்கத் தட்டினேன். கல்லூரி விழா எதிலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கிளம்பும்போது கேட் வரை ஓடி வந்தாள்.

"அண்ணா, பாலிடெக்னிக்ல பொண்ணுங்களையும் சேத்துக்குவாங்களாங்க?"

"சேத்துக்குவாங்க கண்ணு. பத்தாவது முடிச்சாப் போதும்."

"எலக்ட்ரிகலுக்குங்களா?"

"எலக்ட்ரிகலுக்குத்தான்."

ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்பத்திக்கு நீங்க பாஸ் பண்ணிருவீங்களாங்கண்ணா?"


மூன்று அரியர் பாக்கி இருப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?